கை போனது பெல்ட்டில், சீட்டில் எழுதியது "வீட்டில் வழுக்கி விழுந்தார்"

திருநெல்வேலி வட்டாரத்துக் கிரஷர்களில் (கல்லை ஜல்லியாக உடைக்கும் ஆலைகளில்) அடிபட்டவரை ஏமாற்றும் விதம் எங்கே போனாலும் ஒன்றுதான். ஜல்லி போகும் கன்வேயர் பெல்ட்டின் கடைசியில், அது சுற்றி வரும் உருளையான டெயில் டிரம்மில் ஜல்லி சிந்தி அடைத்துக்கொள்ளும். கிரீஸ் போடக் கழற்றிய கம்பி வலைத் தடுப்பு வாரக்கணக்கில் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். நிறுத்தினால் லோடு போகாது என்று, பெல்ட் ஓடும்போதே மண்வெட்டியால் இழுத்துவிடச் சொல்வார்கள். பெல்ட்டும் டிரம்மும் கூடும் இடத்தில் மண்வெட்டி சிக்கினால் பிடித்த கையும் கூடவே போகும். விட நேரம் இருக்காது.

சூப்பர்வைசர் 108-ஐக் கூப்பிட மாட்டார். தன் காரிலேயே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார். வழியில் பேச்சு இப்படி ஓடும்: "ஏல, வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. கம்பெனி பேரு வந்தா கேஸாயிரும். செலவெல்லாம் மொதலாளி பாத்துக்கிடுவாக." வலியில் கிடக்கிறவர் தலையாட்டிவிடுவார். கேஷுவாலிட்டி விபத்துப் பதிவேட்டில் அந்த வரி ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்பது இதுதான்.

அந்த ஒரு வரியின் விலையைப் பாருங்கள். வேலையில் அடிபட்டால், சேர்ந்த முதல் நாளாகவே இருந்தாலும் இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) உண்டு. குணமாகும் வரை சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். வீட்டில் விழுந்ததாக ஆனால் அது வெறும் நோய் விடுப்பு: 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள்தான், அதுவும் போதிய நாள் சந்தா கட்டியிருந்தால். நிரந்தர ஊனத்துக்கான ஆயுட்காலத் தொகை அடியோடு போய்விடும்.

மாதம் 18,000 சம்பளம் என்று வையுங்கள். நாளுக்கு 600, அதில் 90 சதவீதம் 540. கட்டைவிரல் முழுதும் போனால் சட்ட அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆக நாளுக்கு 162 ரூபாய், மாதம் 4,860, உயிரோடிருக்கும் வரை. முதலாளி கையில் திணிக்கும் ஐம்பதாயிரம் இதில் பத்து மாதக் காசு. அதோடு நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் பயப்பட வேண்டாம், அந்தக் காகிதத்தால் இ.எஸ்.ஐ. உரிமை போகாது.

இன்னொரு திருட்டு, கணக்கில் நடப்பது. கையில் 18,000 கொடுத்துவிட்டு இ.எஸ்.ஐ.யில் 9,000 என்று காட்டுவார்கள். அடிபடும்வரை யாருக்கும் தெரியாது. அடிபட்டதும் 540 வரவேண்டிய இடத்தில் 270 வரும். சந்தாவில் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. 18,000-க்கு உங்களிடம் பிடிக்க வேண்டியது 135 ரூபாய் மட்டுமே. 720 பிடித்தால் முதலாளி பங்கையும் உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம், அது குற்றம். பத்து இலக்க காப்பீட்டு எண்ணை வாங்கி, உமங் செயலியில் மாதச் சந்தாவையும் காட்டிய சம்பளத்தையும் பாருங்கள். பதிவில் இருக்கும் செல் நம்பர் உங்களுடையதுதானா என்பதையும் பாருங்கள். சூப்பர்வைசர் நம்பர் இருந்தால் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும்.

அடிபட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பேச வேண்டியது கூட வந்த சொந்தக்காரர், சூப்பர்வைசர் அல்ல. இடம், மெஷின், நேரம் மூன்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எழுதியது இங்கிலீஷில் இருக்கும். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு நகருங்கள். கம்பெனி விபத்துப் புத்தகத்தில் உங்கள் சார்பில் வேறொருவர் எழுதினாலும் செல்லும். விபத்து அறிக்கையான படிவம் 12-ஐ முதலாளி 24 மணி நேரத்துக்குள் இ.எஸ்.ஐ.க்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லையா, இ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்கு நீங்களே, சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள்: தேதி, ஷிப்ட், மெஷின், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், பார்த்த இரண்டு பேர். 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் முதலாளி தெரிவித்தாக வேண்டும். அவர்களுக்கும் ஒரு நகல் போடுங்கள்.

"ஓடுற பெல்ட்டுல நீயாத்தான கைய விட்ட" என்பார்கள். முதலாளி வேலைக்காகச் செய்தது என்றால், கவனக்குறைவைச் சொல்லி இ.எஸ்.ஐ.யை மறுக்க முடியாது. பெயரே பதியவில்லை, காண்ட்ராக்டர் ஆள் என்றாலும் அதே கதைதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம்.

தப்பாக எழுதியாகிவிட்டதா? அழிக்க முடியாது, ஆனால் எதிர்சாட்சி சேர்க்கலாம். அன்றைய வருகைப் பதிவேட்டைச் செல்லில் படம் எடுங்கள். 108-ல் போயிருந்தால் எங்கிருந்து ஏற்றியது என்பது அவர்கள் பதிவில் இருக்கும். சூப்பர்வைசர் கார்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பது அதற்காகவே. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு வந்ததற்கான பதிவுச் சீட்டு) வாங்குங்கள்.

குவாரிக்குள் பாறை உடைக்கிறவர்களுக்கு மேலே சொன்ன இ.எஸ்.ஐ. விஷயம் பொருந்தாமல் இருந்தது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்தது குவாரியில். 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை குவாரி என்பது சுரங்கக் கணக்கு, இ.எஸ்.ஐ. கிடையாது. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் இழப்பீட்டு அதிகாரியிடம் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். ஒரே முதலாளி குவாரியும் கிரஷரும் சேர்த்து நடத்தும் இடத்தில், அடிபட்ட பிறகு உங்களைக் குவாரி ஆள் என்று மாற்றி எழுதுவார்கள். அதனால் சம்பளச் சீட்டில் எந்தப் பக்கத்து ஆள் என்று போட்டிருக்கிறது என்பதை இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.