குபெவர்ட்டில் விஎம்கள்: வால்யூம் ரெப்ளிகேஷனோடு நீண்ட நாள் பழகியதில்

கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸ் க்ளஸ்டரில், அதன்மேல் விஎம்களையும் (மெய்நிகர் மெஷின்) ஓட்டவைக்கும் குபெவர்ட் மூலம் விஎம் ஓட்டப் போகிறேன் என்றாலே, வால்யூமுக்கு, அதாவது விஎம்மின் டிஸ்க்குக்கு, எத்தனை ரெப்ளிகா (நகல்) வைக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். மூன்று வையுங்கள், அவ்வளவுதான். செஃப், லாங்ஹார்ன் ஆகிய இரண்டு ஸ்டோரேஜ் மென்பொருள்களுக்கும் டீஃபால்ட்டே அதுதான். லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு மெஷினுக்கு மாற்றுவது) வேண்டுமென்றால் வால்யூம் ரீட்-ரைட்-மெனியாக, அதாவது பல மெஷின்கள் ஒரே நேரத்தில் படித்து எழுதக்கூடியதாக, இருக்க வேண்டும். செஃப்பின் டிஸ்க் வசதியான ஆர்பிடியில் அதற்கு, ஃபைல்சிஸ்டம் போடாமல் வெறும் டிஸ்க்காகத் தரும் பிளாக் மோடு கட்டாயம். பிவிசி (வால்யூம் கேட்கும் கோரிக்கை) உருவாக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தலைவலி நோடு (க்ளஸ்டரின் மெஷின்) ஒன்று சட்டென்று செத்துப்போகும்போது வருகிறது. ரெப்ளிகாக்கள் பத்திரமாக இருக்கும், விஎம் மட்டும் எழுந்திருக்காது. விஎம் ஓடும் உறையான பாட் ஒன்றை அங்கிருந்து வெளியேற்றவே குபெர்னெட்டிஸ் 300 விநாடி பொறுக்கிறது. அதற்குப் பிறகும், செத்த நோடில் ஓடிய குபெர்னெட்டிஸ் ஏஜென்டான க்யூப்லெட் பதில் சொல்லாததால், பாட் டெர்மினேட்டிங் நிலையிலேயே தொங்கும். எரிச்சலாக இருந்தாலும் இது சரியான முன்னெச்சரிக்கைதான். நோடு சாகாமல் நெட்வொர்க் மட்டும் அறுந்திருந்தால்? ஒரே டிஸ்க்கில் இரண்டு விஎம்கள் எழுதினால் ஃபைல்சிஸ்டம் நாசம். ஆகவே முதலில் ஃபென்சிங், அதாவது பழைய நோடு இனி எழுதாதென்று உறுதிசெய்வது: சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஐபிஎம்ஐ வழியாக நோடின் மின்சாரத்தை நிறுத்தி, அப்புறம் நோடு செத்துவிட்டதென்று குபெர்னெட்டிஸுக்குச் சொல்லும் அவுட்-ஆஃப்-சர்வீஸ் டெய்ன்ட் (குறி) போட வேண்டும். இந்த டெய்ன்ட் குபெர்னெட்டிஸ் 1.28 பதிப்பில் நிலைபெற்றுவிட்டது. ஃபென்சிங்கைத் தானியங்கியாக்காத க்ளஸ்டரை ஹை அவைலபிலிட்டி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

டிஸ்க்குகளின் நகலை வேறொரு டேட்டா சென்டருக்கு அனுப்ப ஆர்பிடி மிரரிங் பயன்படுத்துகிறோம். 2020-இல் செஃப்பின் ஆக்டோபஸ் பதிப்போடு வந்த ஸ்னாப்ஷாட் முறை எங்கள் வேலைக்குப் போதும். மற்றொன்றான ஜர்னல் முறையில், டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொன்றும் முதலில் ஜர்னல் என்ற பதிவேட்டுக்கும் போவதால் வேகம் குறையும். ஆனால் அட்டவணைப்படி எடுக்கும் மிரர் ஸ்னாப்ஷாட்டுக்கு விஎம் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. குபெவர்ட்டின் சொந்த ஸ்னாப்ஷாட், விஎம் உள்ளே கெஸ்ட் ஏஜென்ட் என்ற உதவி மென்பொருள் இருந்தால் ஃபைல்சிஸ்டத்தை உறையவைத்து எடுக்கும், இது அப்படியல்ல. மறுபக்கம் போய்ச் சேர்வது திடீரென்று கரன்ட் போன மெஷினின் டிஸ்க் மாதிரி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அதிலிருந்து மீண்டு வரும், ஆனால் டேட்டா ஒரு டிஸ்க்கிலும், மாற்றங்களை முன்கூட்டியே குறிக்கும் WAL லாக் இன்னொன்றிலும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு நொடியில் எடுக்கப்பட்டிருக்கலாம். அதனால் டேட்டாபேஸ் விஎம்களில் இரண்டையும் ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டோம்.

டிஸ்க் மறுபக்கம் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. விஎம் வரையறை, சீக்ரெட், மேக் முகவரி எல்லாம் குபெர்னெட்டிஸின் தரவுக் கிடங்கான எட்சிடியில் கிடப்பவை. அவற்றை கிட் (Git) களஞ்சியத்தில் வைத்திருக்கிறோம். இன்னொன்று, ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. விஎம் உள்ளே அழித்த ஃபைல் அடுத்த ஸ்னாப்ஷாட்டில் அங்கும் அழிந்திருக்கும்.

பழைய டேட்டா சென்டருக்குத் திரும்பி வருவதை (ஃபெயில்பேக்) பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. அவசரத்தில் மறுபக்கத்தைக் கட்டாயமாக ப்ரோமோட் செய்தால் (முதன்மையாக்கினால்) பழைய பக்கம் ஸ்ப்ளிட்-பிரெய்ன் ஆகிவிடும், அதாவது இரு பக்கமும் தானே முதன்மை என்று பிரிந்துவிடும். பழைய பக்கத்தை டிமோட் செய்து (முதன்மையிலிருந்து இறக்கி) ரீசிங்க் கொடுத்தால் முழு இமேஜும் புதிதாகக் காப்பியாகும். ஒரு டெராபைட்டுக்கு 1 ஜிபிபிஎஸ் லிங்க் முழுவதும் கிடைத்தாலே இரண்டேகால் மணி நேரம் ஆகும். பத்து பெரிய விஎம்கள் என்றால் ஃபெயில்பேக்குக்கு ஒரு வார இறுதியை ஒதுக்கிவிடுங்கள்.