அண்ணன் வண்டியும் இரண்டு அம்புக்குறிகளும்

நான் டல்லாஸிலிருந்து வந்து இறங்குவதற்கு முன்பே அண்ணனின் பிக்அப் வண்டி உதறத் தொடங்கியிருந்தது. பரமத்தி வேலூருக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் வண்டி. ஆக்சிலரேட்டரை விட்டால் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், திரும்ப மிதித்தால் இன்னொரு 'டக்'. ஒவ்வொரு கியருக்கும் யாரோ பின்னாலிருந்து உதைப்பது போல ஒரு குலுக்கல். ஐம்பதைத் தாண்டினால் காலடித் தகடு அதிர்ந்தது.

"பங்குனியில்தான் கிளட்ச் பிளேட் மாற்றினேன். அதற்கப்புறம்தான் இந்தத் தொல்லை" என்றார் அண்ணன். பாதி விடையை அப்போதே சொல்லிவிட்டார். இயந்திரவியல் படித்த எனக்கு அது உறைக்கவில்லை.

முதலில் நாமக்கல்லில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். குளிர்சாதன அறை, ஏலக்காய் டீ, பளபளக்கும் தரை. மடிக்கணினியை வண்டியில் செருகிய இளைஞர் இருபது நிமிடம் திரையையே பார்த்துவிட்டு, "எரர் எதுவும் காட்டவில்லை சார். கியர் பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும், 42,000 வரை ஆகலாம்" என்றார். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அங்கே ஒருவர்கூட வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. தேய்ந்த இரும்பைக் காட்டிக்கொடுக்கும் சென்சார் எதுவும் அந்த வண்டியில் கிடையாது. மாலைக்குள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு நான்கு குறுஞ்செய்திகள் வந்துவிட்டன.

டீக்கடையில் லாரி ஓட்டுநர் ஒருவர் வழி சொன்னார். நாமக்கல் லாரிகளின் ஊர். பாடி கட்டுவதற்கு ஒரு பட்டறை, கமான் பட்டைக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று, தார்ப்பாய் தைக்க ஒரு கடை என்று வேலைகள் பிரிந்து கிடக்கும். அவர் சொன்னது ஷாஃப்ட், அதாவது இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு, அந்த வேலை மட்டும் பார்க்கும் பட்டறை. தகரக் கூரை, தரையெல்லாம் கருப்பு எண்ணெய், உட்கார ஒரு பழைய பஸ் சீட்.

அங்கிருந்த பெரியவர் வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். நிற்கும் வண்டியை எடுக்கும்போது மட்டும் நடுங்குகிறதா, ஓட்டத்திலும் உண்டா? பாரம் ஏற்றினால் கூடுகிறதா? ரிவர்ஸில் சத்தம் வருகிறதா? முதல் கியரில் எடுக்கும்போது மட்டும் நடுங்கினால் கிளட்ச்சைச் சந்தேகப்படலாமாம். மிதிக்கும்போதும் விடும்போதும் தட்டினால் எங்கோ இணைப்பில் இடைவெளி விழுந்திருக்கிறது. பாரத்தில் பின்பக்கம் அமுங்கினால் ஷாஃப்டின் சாய்வும் மாறும், அதனால் அந்தக் கேள்வி. பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தெரு போனதும், "சரி, இனி அண்ணன் ஓட்டட்டும் தம்பி" என்றார். காரணம் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, அடியில் படுத்தார். என்னையும் கூப்பிட்டார். ஊருக்கென்று எடுத்துவந்த சட்டை போனது போகட்டும் என்று நானும் படுத்தேன். ஷாஃப்டை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கினார். பின்முனையில் இருந்த கிராஸ், ஷாஃப்ட் சாய்ந்தபடியே சுழல விடும் கூட்டல் குறி வடிவ இணைப்பு, ஆடும் பல் போல அசைந்தது. அதன் மூடியைச் சுற்றி மிளகாய்த் தூள் நிறத்தில் ஒரு பொடி. கிரீஸ் வற்றி, உள்ளே இருக்கும் ஊசி பேரிங் துருவாக அரைபட்டு வெளியே வந்திருக்கிறது.

அதோடு விடவில்லை. சாக்குத் துணியால் ஷாஃப்டின் நடுவில் இருந்த அழுக்கைத் துடைத்தார். நீண்டு சுருங்கும் அந்தப் பல் இணைப்பின் இரு பக்கமும் ஆளுக்கொரு அம்புக்குறி. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். இங்கே ஒன்று கிழக்கே என்றால் மற்றது வடகிழக்கே. கிளட்ச்சுக்காக ஷாஃப்டைக் கழற்றிய வேறொரு பட்டறையில், குறி பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள்.

கல்லூரியில் இதைப் படித்திருக்கிறேன். ஹூக் இணைப்பு, 16 மதிப்பெண் கேள்வி. சாய்வாகச் சுழலும் கிராஸ் ஒரே சீராகச் சுழற்சியைக் கடத்தாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். மறுமுனைக் கிராஸ் சரியான கோட்டில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை அது ஈடுகட்டும். சூத்திரத்தைத் தலைகீழாக ஒப்பித்தவன் நான். அம்புக்குறியைப் பார்த்தது இப்போதுதான்.

ஷாஃப்டைக் கழற்றும் முன், இணையும் ஒவ்வொரு இடத்திலும் உளியால் கோடு போட்டுக்கொண்டார். பழைய கிராஸை வைஸில் பிடித்துத் தட்டியதும் ஊசிகள் சில முழுதாக, சில பொடியாக உதிர்ந்தன. நகத்தால் தடவினால் மாட்டும் அளவுக்குக் கிராஸின் தண்டில் பள்ளம். இரண்டு கிராஸையும் மாற்றி, ஒவ்வொன்றிலும் நான்கு மூடிகளின் ஓரத்திலும் கிரீஸ் பிதுங்கும் வரை அடித்தார். நடுவில் சாப்பிடப் போய் ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். பில்லும் கிடையாது, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கிராஸ் 1,700, கூலி 800 என்று எழுதித் தந்தார். தேய்ந்த உருப்படியைக் கேட்காமலே கையில் கொடுத்தார், அது பிடித்திருந்தது. டல்லாஸ் வழக்கத்தில் நான் கூடுதலாக நீட்டிய 200 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலையில் தார் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். சத்தம் இல்லை, அறுபதிலும் காலடித் தகடு அசையவில்லை. பரமத்தி தாண்டி ஒரு வேகத்தடையில் இரண்டாவது கியருக்கு மாற்றியபோது வண்டி ஒருமுறை துள்ளியது. பதறிப்போய் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் கிளட்ச் மேலிருந்த என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.