டயர் காற்று: விளக்கு எரிந்தால் போதுமா, எண் தெரிய வேண்டுமா?

போன மாதம் என் மச்சான் கார் புக் பண்ணப் போகும்போது போன் செய்து கேட்டான்: "டிபிஎம்எஸ் இருக்கிற வேரியன்ட்டையே எடுத்துடலாமா மாமா?" டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கும் ஏற்பாடுதான் அது. "எந்த வகை டிபிஎம்எஸ்னு முதல்ல கேளு" என்றேன். ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்கள் விற்கின்றன. ஷோரூமில் பல பேர் அதைப் பிரித்துச் சொல்வதில்லை.

முதல் வகை, நிஜமாகவே அழுத்தத்தை அளப்பது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடிப்பக்கம் பேட்டரியோடு ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அது அளந்ததை ரேடியோ அலையில் அனுப்ப, திரையில் நாலு டயருக்கும் தனித்தனியாக எண் தெரியும். ஹூண்டாய் 'ஹைலைன்' என்று பெயர் வைத்துக் கொடுப்பது இதைத்தான்.

இரண்டாவது வகை அழுத்தத்தை அளப்பதே இல்லை. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கும். அதனால் மற்ற சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காக ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை வைத்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விளக்கைப் போடும். டாடா கார்களில் 'ஐடிபிஎம்எஸ்' என்று வருவது இந்த வகை. தனி சென்சார் இல்லை, பேட்டரி தீரும் கவலை இல்லை, செலவும் குறைவு. ஆனால் வண்டி ஓடினால்தான் வேலை செய்யும். எத்தனை பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) என்று சொல்லாது. நாலு டயரிலும் மாதக்கணக்கில் ஒரே சீராகக் காற்று இறங்கினால், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய அமைப்புகள் கோட்டை விட்டுவிடும்.

இந்த இரண்டாவது வகையில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது ரீசெட். காற்றைச் சரியாக நிரப்பிய பிறகு, "இதுதான் சரியான அளவு" என்று வண்டிக்குச் சொல்வதற்காக வைத்த வசதி அது. ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்றுக்கு நின்றபோது, முன்னால் இருந்த காரில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. ஓட்டியவர் மெனுவுக்குள் போய் ரீசெட்டை அழுத்தினார், விளக்கு அணைந்தது. "சரியாயிடுச்சு" என்று கிளம்பப் பார்த்தார். ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, காற்றழுத்தம் பார்க்கும் என் கேஜை வைத்துப் பார்த்தேன். வலது முன் டயரில் 24. கதவுத் தூணில் ஒட்டியிருந்த அட்டையில் 33. குறைந்த அளவையே சரியான அளவு என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு பைபாஸ் ஏற இருந்தார் அவர்.

விளக்கு எப்போது எரியும் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபயர்ஸ்டோன் டயர்கள் கிழிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு 2000ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2007 செப்டம்பர் முதல் தயாரான எல்லா இலகு ரக வண்டியிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம். பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. 33 பிஎஸ்ஐ போட வேண்டிய டயரில் அது ஏறக்குறைய 25. அப்படியென்றால் 28ல் ஓடும் டயரைப் பற்றி விளக்கு வாயே திறக்காமல் இருக்கலாம். அந்த 28லேயே டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறும், இரண்டு ஓரமும் தேயும், மைலேஜும் குறையும்.

என் வண்டி பழசு, டிபிஎம்எஸ் வராத மாடல். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிப் போடும் சென்சாரும், டேஷ்போர்டில் ஒட்டும் சோலார் திரையும் சேர்ந்த செட் வாங்கி மாட்டியிருக்கிறேன். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. திருச்சிக்குப் போகும் வழியில்தான் அதன் அருமை தெரிந்தது. காலையில் நாலிலும் 33 வைத்துக் கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டும்போது சூட்டில் மூன்று டயர் 36க்கு ஏறியிருந்தது, இடது பின் டயர் மட்டும் 34. மேல்மருவத்தூர் வரும்போது மற்றவை 37, அது 31. அலாரம் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஓரமாக ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேடி, டயர் தரையில் படும் ட்ரெட் பகுதியின் நடுவில் புதைந்திருந்த ஆணியை எடுத்துக் காட்டினார் கடைக்காரர். "இப்பவே வந்துட்டீங்க தம்பி. காத்து போனப்புறமும் ஓட்டிட்டு வர்றாங்க, பக்கச்சுவரு அரைஞ்சு டயரே போயிடுது" என்றார். ஐந்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் என்னை நிறுத்தியது எண்தான்.

இந்த மூடி சென்சாருக்கும் குறைகள் உண்டு. காற்றடிக்க ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் திருட்டுப் பயம். பழைய ரப்பர் வால்வில் கூடுதல் எடை ஏறுவதால் அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாஷர் சரியாக உட்காரவில்லை என்றால் சென்சார் வழியாகவே காற்று கசியும்; மாட்டிய முதல் வாரம் எனக்கே அப்படி ஆனது.

கம்பெனி சென்சாரிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அதன் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் வரும். தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும். டயர் கழற்றும்போது உள்ளே சென்சார் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், லீவர் பட்டால் உடைந்துவிடும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டினால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அப்புறம், சில நூறு ரூபாய் கேஜ். ஓடும்போது அது எதுவும் சொல்லாது, ஆணி குத்தினால் காப்பாற்றாது. ஆனால் மற்ற மூன்றும் சொல்வது சரியா என்று பார்க்க அதுதான் ஆதாரம். பங்க் மீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள் டயரும் சூடாகியிருக்கும். டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். திரையில் எண் தெரிகிறவர்கள் சிலர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்: நெடுஞ்சாலையில் 37 என்று பார்த்துப் பயந்து காற்றை 33க்கு இறக்குகிறார்கள். மறுநாள் காலை அது 29ல் நிற்கும். அட்டையில் போட்டிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறாய், கைக்குழந்தை இருக்கிறது, எண் காட்டும் டிபிஎம்எஸ் உனக்கு வேண்டும். அதற்காக மட்டும் ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து மேல் வேரியன்ட் எடுக்காதே, கீழ் வேரியன்ட்டில் மூடி சென்சார் போட்டுக்கொள். ஊருக்குள்ளேயே ஆபீஸ், கடை என்று ஓட்டுகிறவராக இருந்தால் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கேஜ் வைத்தாலே போதும் என்றிருப்பேன். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020ல் இங்கே விதி மாறிவிட்டது. அப்படி வரும் வண்டியில் விளக்கு மட்டும் எரிவது எனக்குப் போதாது.

அவன் கீழ் வேரியன்ட்டே எடுத்தான். டெலிவரி அன்று காலை, ஷோரூம் வாசலிலேயே கேஜ் வைத்துப் பார்த்தோம். நாலிலும் 40க்கு மேல் இருந்தது. 33க்கு இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தோம்.