14-க்கும் 15-க்கும் நடுவில் ஒரு ஷீட்: ஆட்டோகேட், ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல், இபிளான்

300, 400 ஷீட் (வரைபடத் தாள்) வரும் எலக்ட்ரிக்கல் டிசைனை எந்த மென்பொருளில் வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு 14-ஆம் ஷீட்டுக்கும் 15-க்கும் நடுவில் புதிதாக ஒரு ஷீட் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? மென்பொருளின் உண்மையான குணம் அங்கேதான் தெரியும்.

முதலில் வெறும் ஆட்டோகேட், அதாவது எல்லாத் துறைக்கும் பொதுவான வரைபட மென்பொருள். 2005 பதிப்பிலிருந்து அதில் ஷீட் செட் மேனேஜர் இருக்கிறது. எல்லா லேஅவுட்களையும் (அச்சுக்குப் போகும் பக்கங்களையும்) ஒரே பட்டியலில் கோத்து வைக்கலாம், டைட்டில் பிளாக்கில் (ஷீட்டின் விவரப் பெட்டியில்) ஃபீல்டு என்ற தானே மாறும் எழுத்தைப் போட்டுவிட்டால் ஷீட் எண் பட்டியலைப் பார்த்துத் தானே மாறும், மொத்தத்தையும் ஒரே தடவையில் பிடிஎஃப் ஆக்கலாம். ஆனால் அதற்குத் தெரிந்தது தாள் மட்டும்தான், மின்சாரம் தெரியாது. ரிலே என்ற மின் சுவிட்சின் காயில் அதன் கண்ணுக்கு ஒரு பிளாக், அதாவது சேர்த்துக் கட்டிய சில கோடுகள். ஒயர் நம்பர் வெறும் எழுத்து. 15-ஆம் ஷீட் 16 ஆனால், அதிலுள்ள கான்டாக்டை (அந்தக் காயில் திறந்து மூடும் முனையை) காட்டி வேறு ஷீட்டுகளில் எழுதிய "15-க்குப் போ" குறிப்புகளையெல்லாம் நீங்கள்தான் தேடித் திருத்த வேண்டும். லிஸ்ப் (ஆட்டோகேட்டுக்குள் எழுதும் நிரல்மொழி) தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் முப்பது நாற்பது ஷீட் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தப்பத்தான் செய்யும்.

அடுத்தது ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதை வாங்கிவிட்டு வெறும் ஆட்டோகேட் போலவே பயன்படுத்துகிறார்கள். ஆட்டோகேட் 2019 முதல் இது தனிச் சரக்கு இல்லை, சந்தாவோடு வரும் டூல்செட், அதாவது துறைக்கான கூடுதல் கருவித் தொகுப்பு. 2003-இல் ஆட்டோடெஸ்க் வாங்கிய வியா டெவலப்மென்ட் நிறுவனத்தின் "வியா டபிள்யூ.டி." என்ற பொருளிலிருந்து வளர்ந்தது. ப்ராஜெக்ட் ஃபைலின் பெயர் முடியும் டபிள்யூ.டி.பி.-யில் இருக்கும் "டபிள்யூ.டி." அந்தக் காலத்து மிச்சம்.

அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எந்தெந்த டிராயிங், எந்த வரிசை, என்னென்ன செட்டிங் என்று சாதாரண எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான். ரிலேயின் டேக் (அதன் அடையாளப் பெயர்), இடம், கேட்டலாக் எண் எல்லாம் அந்தந்த டிராயிங்குக்குள் பிளாக்கின் அட்ரிபியூட்டுகளாக (அதோடு ஒட்டிய விவரங்களாக) இருக்கின்றன. பின்னால் ஒரு டேட்டாபேஸ் உண்டு. ஆனால் அது டிராயிங்குகளைப் படித்து எடுத்த நகல். கெட்டுப்போனால் ரீபில்டு கொடுத்தால் மறுபடி வந்துவிடும். இதுதான் இதன் பலம். டிராயிங் பத்திரமாக இருந்தால் ப்ராஜெக்ட் பத்திரம்.

பலவீனமும் அங்கிருந்தே வருகிறது. ஒவ்வொரு டிராயிங்கிலும் கண்ணுக்குத் தெரியாத டபிள்யூ.டி.எம். என்ற பிளாக் ஒன்று இருக்கும். டேக் எப்படி அமைய வேண்டும், கிராஸ் ரெஃபரன்ஸ் (மேலே சொன்ன "15-க்குப் போ" குறிப்பு) எப்படித் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். பழைய வேலையிலிருந்து பத்து ஷீட் கொண்டுவந்து சேர்த்தால், அவை தங்கள் பழைய பழக்கத்தோடுதான் வந்து சேரும். செட்டிங்ஸ் கம்பேர் ஓட்டிச் சரிசெய்யாமல் டேக் போட ஆரம்பித்தால் பாதி ஷீட் ஒரு மாதிரி, பாதி வேறு மாதிரி.

நான் ஒரு தடவை நன்றாக மாட்டியிருக்கிறேன். முடிந்துபோன ஒரு வேலையின் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, அதிலிருந்து புது வேலையைத் தொடங்கினேன். பொது டிராயிங் நாலைந்து அந்த ஃபோல்டருக்கு வெளியே இருந்தன. அவற்றுக்கு மட்டும் ப்ராஜெக்ட் ஃபைலில் முழுப் பாதை எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. புது வேலைக்கு ரீடேக் (டேக் எல்லாவற்றையும் மறுபடி போடும் கட்டளை) கொடுத்தேன், பழைய வேலையின் டிராயிங்கும் சேர்ந்து மாறிவிட்டது. அன்றிலிருந்து ஃபோல்டரைக் கையால் நகலெடுப்பதை விட்டுவிட்டேன். ப்ராஜெக்ட் மேனேஜருக்குள் இருக்கும் காப்பி ப்ராஜெக்ட்தான்.

சரி, ஷீட் நுழைந்தால்? கிராஸ் ரெஃபரன்ஸைப் ப்ராஜெக்ட் முழுக்க ஒரே கட்டளையில் புதுப்பிக்கலாம். ஆனால் டேக்கை லைன் ரெஃபரன்ஸ் முறையில் வைத்திருந்தால், அதாவது 14-ஆம் ஷீட்டின் 05-ஆம் வரியில் இருக்கும் ரிலே 1405 என்றால், பின்னால் உள்ள எல்லா ஷீட்டின் டேக்கும் நகரும். அதற்குள் பேனல் (கருவிகளைப் பொருத்தும் மின்பெட்டி) செய்யும் கடைக்கு லேபிள் அச்சாகிப் போயிருந்தால் தீர்ந்தது கதை. அதனால்தான் அனுபவசாலிகள் ஆரம்பத்திலேயே பேனலுக்குப் பேனல் எண்ணில் இடைவெளி விட்டு வைப்பார்கள், முடியாவிட்டால் 14ஏ என்று நுழைத்துவிடுவார்கள். இன்னொன்று: டேக் இரட்டிப்பைத் தேடுவது, கிராஸ் ரெஃபரன்ஸ் போடுவது எல்லாம் ஆக்டிவாக இருக்கும் ப்ராஜெக்டுக்குள் மட்டும்தான். 400 ஷீட்டை நாலு ப்ராஜெக்டாக உடைத்தால் ஒன்றுக்கொன்று பேசாது. உடைக்காமல் இன்ஸ்டலேஷன் (எந்த அமைப்பு), லொகேஷன் (எந்த இடம்) குறிகளால் பிரிப்பது நல்லது.

மூன்றாவது, இபிளான் எலக்ட்ரிக் பி8 என்ற மின் வடிவமைப்பு மென்பொருள். இது ஆட்டோகேட்டின் மேல் உட்காரும் ஆட்-ஆன் இல்லை, தனி உலகம். ஆனாலும் தேர்வு கடைசியில் ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலுக்கும் இதற்கும் நடுவில்தான் வந்து நிற்கும். இதில் பக்கத்துக்கு ஒரு ஃபைல் கிடையாது. ப்ராஜெக்ட் முழுக்க ஒரே டேட்டாபேஸ், பக்கம் என்பது அதைப் பார்க்கும் ஜன்னல். ஐ.இ.சி. 81346 என்ற சர்வதேசத் தரம் சொல்லும் முறையில் சமக்குறி போட்டுச் செயல்பாடு, கூட்டல் குறி போட்டு இடம், கழித்தல் குறி போட்டுக் கருவி என்று பெயர் அமையும். இந்தக் கட்டமைப்பை முதல் வாரத்திலேயே யோசித்து வைத்துவிட்டால், நடுவில் பக்கம் நுழைவது ஒரு பொருட்டே இல்லை. கிராஸ் ரெஃபரன்ஸ் தானாக நகரும், டெர்மினல் (ஒயர்கள் இணையும் முனை) அட்டவணையை மறுபடி ஓட்டினால் போதும். இதிலும் பக்க எண்ணை டேக்கில் சேர்க்கலாம். சேர்த்தால் அதே தலைவலிதான், மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

ஒரே ப்ராஜெக்டில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய இபிளான் வசதி. ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலிலும் முடியும், ஆனால் ஒருவர் திறந்து வைத்திருக்கும் டிராயிங் இன்னொருவருக்குப் பூட்டு. ப்ராஜெக்ட் முழுக்க ரீடேக் ஓட்டும் நேரத்தில் மற்றவர்களை எழுப்பி டீ குடிக்க அனுப்ப வேண்டியதுதான். சாலிட்வொர்க்ஸ் எலக்ட்ரிக்கல் என்ற இன்னொரு மென்பொருளும் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸ் மேல் ஓடுவது, இந்த விஷயத்தில் இபிளான் பக்கம் சேரும்.

பிறகு எதை எடுப்பது? கிளையன்ட் கடைசியில் என்ன கேட்கிறார் என்று ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். இபிளானிலிருந்து டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் ஃபைல்) எடுக்கலாம், ஆனால் வெளியே வருவது கோடும் எழுத்தும் மட்டும். ரிலேக்குத் தான் ரிலே என்பது மறந்துபோயிருக்கும். பிளான்ட் ஆட்கள் அந்த டிராயிங்கைத் தாங்களே பத்து வருஷம் திருத்தப் போகிறார்கள் என்றால் நான் ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலைத்தான் எடுப்பேன். ஒரே மாதிரி மெஷினை வருஷம் முழுக்க மாற்றி மாற்றிச் செய்பவர் என்றால், ஆறு மாதம் மேக்ரோ (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சர்க்யூட் துண்டு) எழுதிச் சலித்தாலும் பரவாயில்லை, இபிளான்.