ஈறுக் கொப்புளத்தை ‘உடம்புச் சூடு’ என்றார்கள், நம்பிவிட்டோம்

ரூட் கேனால் (பல்லுக்குள் கெட்டுப்போன சதையை எடுத்து, வேருக்குள் இருக்கும் கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை) செய்த பல்லுக்குப் பக்கத்து ஈறில் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வருகிறதா? வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஏமாந்தோம்.

அம்மாவுக்கு வயது 58. இடது மேல் கடைவாய்ப்பல்லில் ராத்திரி தூங்கவிடாத வலி. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ரூட் கேனால், கேப் இரண்டும் சேர்த்து 11,000 ரூபாய். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது, அடுத்த வாரம் கேப் ஒட்டினார்கள். ஒரே சிட்டிங்கில் செய்ததைக் குறை சொல்லவில்லை. நன்றாகச் செய்பவர்களும் ஒரே நாளில் முடிப்பதுண்டு. ஆனால் முடித்த பிறகு எடுக்க வேண்டிய எக்ஸ்ரேவை எங்களிடம் காட்டவே இல்லை. வலி நின்றுவிட்டது, நாங்களும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் அந்தப் பல்லுக்கு மேலே, கன்னத்துப் பக்க ஈறில், கடுகு அளவுக்கு ஒரு கொப்புளம். அம்மா விரலால் அழுத்தினால் உப்புக் கரிக்கிற தண்ணீர் வரும் என்றார். கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லம்மா, உடம்புச் சூடு. இளநீர் குடிங்க, இந்த மாத்திரைய அஞ்சு நாள் போடுங்க” என்றார் டாக்டர். மாத்திரை போட்டதும் அமுங்கியது. மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. இப்படியே நான்கு தடவை ஆன்டிபயாடிக். ஒரு தடவைகூட எக்ஸ்ரே எடுக்கவில்லை. நான்காவது தடவை, “பல் கெட்டுப்போச்சு, எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சுடலாம். 35,000 ஆகும், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா மூவாயிரம் குறைச்சுக்கலாம்” என்றார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நேற்று வரை சூட்டுக் கொப்புளமாக இருந்தது இன்றைக்கு எப்படிப் பல்லையே பிடுங்கும் நோயானது?

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். கூட்டம்தான், காத்திருக்கத்தான் வேண்டும். வேர் சிகிச்சைப் பிரிவில் மேற்படிப்பு படிக்கும் ஒரு டாக்டரம்மா பார்த்தார். ரூட் கேனாலை அடைக்கப் பயன்படுத்தும் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் மாதிரியான மெல்லிய குச்சியை எடுத்து, கொப்புளத்தின் ஓட்டை வழியாக மெதுவாக உள்ளே விட்டார். அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. அப்படியே எக்ஸ்ரே. திரையில் அந்தக் குச்சி வெள்ளைக் கோடாக வளைந்து போய், நேராகப் பல்லின் முன் வேர் நுனியில் நின்றது. அந்த நுனியைச் சுற்றி மொச்சைக்கொட்டை அளவுக்குக் கருப்பு நிழல். “இதுதாம்மா எலும்பு கரைஞ்ச இடம். சீழ் இங்கேருந்து வழி பண்ணிக்கிட்டு ஈறுக்கு வருது” என்றார். ஐந்து நிமிட வேலை. அத்தனை மாதம் யாரும் இதைச் செய்யவில்லை என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

அப்புறம் ஸ்கேனில் காரணம் தெரிந்தது. மேல் கடைவாயின் முதல் பெரிய பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர். ஆனால் கன்னப் பக்கத்து முன் வேருக்குள் பலருக்கும் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் இருக்கும். அம்மாவுக்கும் இருந்தது. அதைத் தேடவே இல்லை, தொடாமல் கேப் போட்டு மூடிவிட்டார்கள். மற்றக் கால்வாய் ஒன்றிலும் அடைப்பு பாதியில் நின்றிருந்தது. உள்ளே செத்த சதையில் இருந்த கிருமிதான் வேர் நுனித் துளை வழியாக வெளியே வந்து எலும்பைக் கரைத்திருக்கிறது. உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1965-லேயே அமெரிக்காவில் எலிகளை வைத்துப் பார்த்துவிட்டார்கள்: கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்குப் பல்லுக்குள் இருக்கும் சதையைத் திறந்துவிட்டும் வேர் நுனியில் நோய் வரவில்லை, சாதாரண எலிகளுக்கு வந்தது.

மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதையும் அந்த டாக்டரம்மா சொன்னார். பல்லுக்குள் ரத்த ஓட்டம் செத்துப்போன பிறகு, ரத்தத்தில் போகிற மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வெளியே இருக்கிற சீழ் கொஞ்சம் அடங்கும், மூலம் அப்படியே இருக்கும். காய்ச்சலோ, முகத்தில் பரவும் வீக்கமோ இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டியதுதான். வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேப்பை வெட்டி எடுத்து, பழைய அடைப்பைக் கிளறி எடுத்து, எல்லாம் புதிதாகச் செய்தார்கள். முதலில் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினார்கள், எச்சில் உள்ளே போகாமல் இருக்க. கால்வாய்களைக் கழுவியபோது அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாடை. கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் அது. “அங்கே இந்த ஷீட்டும் இல்ல, இந்த வாடையும் வரலியே” என்றார் அம்மா, வீட்டுக்கு வரும் வழியில். அதைக் கேட்டபோதுதான் அந்த நாற்பது நிமிடத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

நடுவில் சில வாரம் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு பசை வைத்தார்கள். அது சுண்ணாம்புதான். வெற்றிலை போடுகிற அம்மாவுக்கு அதைக் கேட்டு ஆச்சரியம். (வீட்டில் யாரும் பல் ஓட்டையில் சுண்ணாம்பு தடவிவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.) அடுத்த முறை போனபோது கொப்புளம் காணாமல் போயிருந்தது. அந்த ஓட்டைக்கென்று தனியாக எந்த வைத்தியமும் செய்யவில்லை, உள்ளே சுத்தமானதும் தானாக மூடிக்கொண்டது.

ஆனால் எலும்பு அவ்வளவு சீக்கிரம் வராது. ஆறு மாதத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் சுருங்கியிருந்தது. ஒரு வருஷத்தில் ஓரங்களிலிருந்து வலை பின்னியது மாதிரி எலும்பு உள்ளே வந்திருந்தது, நடுவில் மட்டும் கொஞ்சம் கருப்பு பாக்கி. சிலருக்கு முழுசாக ஆற நான்கு வருஷம்கூட ஆகலாமாம். அதனால் எந்தக் கிளினிக்கில் செய்தாலும் சரி, சிகிச்சைக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே, முடித்த அன்று எடுத்தது, இரண்டையும் போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். பல்லை எடுக்கச் சொன்னால், எடுக்கும் முன் வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்த ஒருவரிடம் காட்டுங்கள். எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது, வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் எடுக்கத்தான் வேண்டும். அம்மாவின் பல்லுக்கு அப்படி எதுவும் இல்லை.

பழைய கிளினிக்கில் போய்ப் பணம் கேட்டேன், தரவில்லை. எக்ஸ்ரேயாவது கொடுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் அழிந்துவிட்டது என்றார்கள். ரசீதுகளும் நான்கு மாத்திரைச் சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், இன்னும் நாள் இருக்கிறது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.