60 மி.மீ. டெலஸ்கோப்: கண்ணில் குறையில்லை, காலில்தான்

இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் தம்பி மகன் போன வாரம் கேட்டான்: "பெரியப்பா, பழைய 60 மில்லிமீட்டர் அகல லென்ஸ் டெலஸ்கோப் ஒன்று விலைக்கு வருகிறது. பாப்பாவுக்கு வாங்கலாமா?" அதே ரகம்தான் என்னிடமும் இருக்கிறது. 1985இல் அப்பா டர்பன் கிரே தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கித் தந்தது. நேற்றுதான் அதன் ஸ்டாண்டுக்கு லேத் பட்டறையில் மூன்றாவது முறையாக ஒரு துண்டு கடைந்து வாங்கி வந்தேன். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

லென்ஸைப் பழித்தால் பாவம் வரும். கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸான ஐபீஸ், 20 மி.மீ. குவியத் தூரத்தில் போட்டால் 35 மடங்கு பெரிதாகக் காட்டும். வியாழனின் நான்கு நிலாக்களும் கோத்த மணிபோல வரிசையாக நிற்கும். நிலாவில் ஓர் அதிசயம் உண்டு. பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்கு நிலா, வடபாதிக்காரர் புத்தகப் படத்துக்குத் தலைகீழாகத் தெரியும். இந்தக் குழாய் அதை இன்னொரு முறை கவிழ்ப்பதால் படமும் நிலாவும் பொருந்திவிடும். இது நிலாவை நேராக்கும் கருவி என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஸ்டாண்டின் கால்தான் வினை. ஃபோகஸ் குமிழைத் தொட்டால் போதும், வியாழன் காவடி எடுக்கும். பெட்டியில் பெருமையாக அச்சடித்திருக்கும் 175 மடங்கு வெறும் ஜம்பம். இந்த அளவு லென்ஸ் 120க்கு மேல் தாங்காது. அப்படியே வைத்தாலும் ஆட்டம் அடங்குவதற்குள் கிரகம் பாதி தூரம் ஓடியிருக்கும்.

1986 ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது வேறு வழியில்லாமல் டிவியைத் தரையில் இறக்கிவிட்டு, அதன் மேசையை முற்றத்துக்கு இழுத்து, குழாயை சைக்கிள் டியூபால் அதில் கட்டினேன். இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976இல்தான். எங்கள் வீட்டுக்கு அதற்கும் பின்னால். அம்மாவுக்கு அந்தப் பெட்டி சாமி மாதிரி. சேட்ஸ்வர்த்தில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். அம்மா கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பஞ்சுத் துணுக்குக்காகவா பெட்டியை இறக்கினே?" என்றார். ஆனால் அன்றைக்குப் போல அது ஆடாமல் நின்றதே இல்லை.

பாப்பாவுக்கு என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். கூடவே ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி வந்தால் உடனே குப்பையில் போடு. குவிந்த வெயிலில் சூடேறி அது விரிசல் விட்டால் கண் போச்சு. சூரியனை வெள்ளைத் தாளில் விழவைத்துப் பார்த்தால் போதும்.

அப்புறம், லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு. அது இருந்த காலத்தில் அதைத் திட்டாத நாளில்லை. ஆனாலும் தெருவிளக்கு அணைந்த ஒரு ராத்திரியில்தான் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டத்தை இங்கிருந்தே பார்த்தேன், கொட்டிய ரவை மாதிரி. இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றியது.

நேற்றிரவு புதுத் துண்டைப் பூட்டிச் சனியைப் பிடித்தேன். 2025இல் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியதால் மணியில் குத்திய ஊசிபோல் மெலிந்திருந்தது. அது துலங்கும் நேரம் பார்த்து ஸ்டாண்டின் ஒரு கால் சரக்கென்று உள்ளே இறங்கியது. பட்டறைக் காசு தண்டம்.

ஆகவே, தம்பி, வாங்காதே. ஐபீஸின் குழல் அகலம் பழைய 24.5 மி.மீ. அளவு, இன்றைய கடைகளில் தேடி அலைய வேண்டும். விற்பவரின் எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு. அவரிடம் ஐபீஸ் எத்தனை இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.