சாம்பார் வேண்டாம் தம்பி

கடையின் பெயரைப் போடாமல் கடைக்கு ரிவ்யூ எழுதுவது கேலிக்கூத்துதான். பெயர் போடலாமா என்று கடைக்கார அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். "பதினாறு பேர் உட்கார்ற இடம் தம்பி. நீங்க எழுதி விட்டு, ஆளுக்கு ஒரு பத்தியம் சொல்லிக்கிட்டு வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்றார். நியாயம். அதனால் திருச்சி உறையூர்ப் பக்கம், தையல் கடையை ஒட்டி, நீலச் சுவரும் மூன்று பெஞ்சும் உள்ள டிபன் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தேடிப் பிடிப்பவர்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்று தானியத்திலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கும். அலர்ஜி இல்லை, தன்னெதிர்ப்பு நோய். மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். நான் மெடிக்கல் ரெப். இரும்புச்சத்து டானிக்கைப் பத்து வருடமாக டாக்டர்களிடம் விற்றவன், அந்தப் பத்து வருடமும் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டாமல் திரிந்திருக்கிறேன். சாம்பிள் மாத்திரைகளை நானே விழுங்கியும் பார்த்தேன். ஏறவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் ஒரு குடல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் டானிக்கை அப்புறம் பேசலாம், முதலில் ரத்தம் கொடு" என்றார். டிடிஜி எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்கு. சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போயிருந்தன. (யாருக்காவது சந்தேகம் இருந்தால், பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே நிறுத்தினால் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போய்விடும்.)

வீட்டில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. "நாமதான் சோறு திங்கிற ஆளுங்களாச்சே" என்றாள் அம்மா. அவள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் வடக்கே நூறில் ஒருவருக்கு மேல் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது, தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தட்டில். வடக்கே ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, இங்கே 25. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. அப்பாவுக்குச் சர்க்கரை என்று இருபது வருடமாக ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை உப்புமா. அந்த ஆயிரத்தில் ஒருவன் ஆவதற்குத் தேவையானதெல்லாம் எங்கள் சமையலறையிலேயே இருந்தது.

வீட்டில் சமாளித்துவிடலாம். என் வேலையோ காலை ஆறரைக்குக் கிளம்பி, கரூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் என்று சுற்றுவது. வெளியே சாப்பிட்டே ஆக வேண்டும். "குளூட்டன் இல்லாம" என்று கேட்டால் சர்வர்கள் சொல்லும் பதில்களைத் தொகுத்தே ஒரு புத்தகம் போடலாம். "எல்லாம் ப்யூர் வெஜ்தான் சார்." "சுகரா சார்? அப்ப சப்பாத்தி சாப்பிடுங்க." எனக்கு ரொம்பப் பிடித்தது இது: "மைதாவே கிடையாது சார், சுத்தமான கோதுமைதான்."

சென்னையில் ஒரு பெரிய கடை, மெனுவில் பச்சை இலை படம் போட்டு 'குளூட்டன் ஃப்ரீ தினை தோசை' என்று அச்சடித்திருந்தார்கள். 160 ரூபாய். சந்தோஷமாகச் சாப்பிட்டேன். கை கழுவப் போகும்போது சமையலறையை எட்டிப் பார்த்தால், என் தோசை வந்த அதே கல்லில் ரவா தோசை முறுகிக்கொண்டிருந்தது. ரவையும் கோதுமைதான். அன்று ராத்திரி லாட்ஜில் நான் பட்ட பாட்டை விடுங்கள். மாவில் குளூட்டன் இல்லை என்று போட்டது உண்மை. கல்லைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவே இல்லை.

உறையூர்க் கடைக்கு நான் முதலில் போனது ஒரு மழை நாளில், ஒதுங்குவதற்காக. இட்லி மட்டும் கேட்டேன். "சாம்பார்ல கட்டிப் பெருங்காயமா, தூளா?" என்று வழக்கம்போல் கேட்டு வைத்தேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதில் சொல்லாமல் உள்ளே போய் டப்பாவைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "படிச்சுப் பாருங்க, எனக்குக் கண்ணாடி இல்லை." சேர்க்கப்பட்டவை: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம். கோதுமைதான் முதலில். காரணத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப சாம்பார் வேண்டாம் தம்பி. பொடியும் வேண்டாம், அதிலயும் இதேதான். தேங்காய்ச் சட்னி தாளிக்கிறதுக்கு முந்தி எடுத்துத் தர்றேன்" என்றார். மூன்று வருடத்தில் ஒரு ஹோட்டல்காரர் தானாக 'இது வேண்டாம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பெருங்காயத்தை நம்மில் பலர் ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடி ஒன்றின் வேரைக் கீறினால் வடியும் பால்தான் அது. அப்படியே போட்டால் நெடி தாங்காது. அதனால் மாவும் கோந்தும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். சில கம்பெனிகள் அரிசி மாவு கலக்கின்றன, பல கம்பெனிகள் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், புளியோதரை, நீர்மோர், ஊறுகாய், இட்லிப் பொடி என்று அது போகாத இடம் இல்லை.

ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பீர்கள். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது லிட்டர் சாம்பாரில் ஐந்து கிராம் பெருங்காயம், அதில் பாதி கோதுமை மாவு, அந்த மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால், லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் சொச்சம். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மில்லிகிராம். குளூட்டன் ஃப்ரீ என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராம்வரை சட்டமே அனுமதிக்கிறது. ஆக, கணக்குப்படி அந்தக் கிண்ணம் பாஸ். ஆனால் சிட்டிகை என்பது அவரவர் விரலைப் பொறுத்தது, நானோ மூன்று கிண்ணம் சாம்பார் கேட்கும் ஆள். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் போனாலே குடலில் சேதம் தெரிகிறது என்று ஆய்வு இருக்கிறது. அதனால் நான் தொடுவதில்லை.

நிஜமான பயம் கல்லில்தான் இருக்கிறது. தோசை மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளிப்பார், ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு தள்ளு தள்ளுவார், எண்ணெயில் தோய்த்த அரை வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ரவா தோசையின் துணுக்கை வழித்த அதே துடைப்பம், அதே வெங்காயம்தானே அடுத்த தோசைக்கும்? இந்தக் கடையில் பெரிய கல்லுக்கு வலப்பக்கம், வீட்டில் வைத்திருப்பதுபோல ஒரு சின்ன இரும்புக் கல் இருக்கிறது. அண்ணன் பேரனுக்கு ஊத்தப்பம் ஊற்ற வைத்திருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து எனக்கு அதில்தான் தோசை. நான் கேட்கவில்லை. அந்தக் கல்லுக்கு வெங்காயமும் தனி, கிண்ணத்தில் மூடி வைத்திருக்கிறார். தோசைக் கரண்டி மட்டும் முதலில் பொதுவாக இருந்தது. சொன்னதும் மாற்றிவிட்டார்.

தோசை எப்படி என்று கேட்டால், ருசி சுமார்தான். சின்னக் கல் என்பதால் முறுகல் வராது, கொஞ்சம் தடிமனாக வரும். இட்லிதான் இந்தக் கடையின் பெருமை. கடைக்கார அக்கா இட்லி அரிசியையும் உளுந்தையும் கிரைண்டரில் தனித்தனியாக அரைப்பார். உளுந்து பொங்கப் பொங்க அரைத்திருப்பது தொட்டாலே தெரியும். சட்னியில் பொட்டுக்கடலை அதிகம், தேங்காய் கம்மி, விலைவாசி அப்படி. இட்லி 10 ரூபாய், தோசை 45. வாழை இலையில் தருவதால் தட்டைப் பற்றிய கவலை இல்லை. காபி மட்டும் கேட்டு வாங்குவதற்குள் வெயில் ஏறிவிடும்.

பொடிக்கு ஒரு வழி செய்தோம். பெரிய கடை வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் வாங்கினேன். பத்து கிராம் 180 ரூபாய், மெழுகுபோல விரலில் ஒட்டியது. மாவு கலக்காதது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பையில் டிங்க்சர் அயோடின் இருந்தது. வீட்டில் இரண்டு டம்ளரில் வெந்நீர். ஒன்றில் மளிகைக் கடைக் கட்டிப் பெருங்காயத்தைக் கரைத்தேன், மற்றதில் இதை. ஆறியதும் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு அயோடின். முதல் டம்ளர் பேனா மை கொட்டியதுபோலக் கருநீலமாகிவிட்டது. இரண்டாவது அயோடின் நிறத்திலேயே நின்றது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அரிசி மாவு கலந்திருந்தாலும் நீலம்தான் வரும். நீலம் வந்தால் மாவு இருக்கிறது என்று அர்த்தம், எந்த மாவு என்பதை லேபிளில்தான் பார்க்க வேண்டும்.

அக்கா அதை வாங்கி எனக்கென்று கால் கிலோ பொடி இடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் போனால் பொடி பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. ஹார்லிக்ஸ் என்றால் கோதுமையும் மால்ட் செய்த பார்லியும்! "நல்லா கழுவிட்டேன்பா" என்றார் அக்கா. கழுவியிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்தேன். பாட்டிலில் இருந்த பொடியை அண்ணன் இரண்டே நாளில் தீர்த்துவிட்டாராம்.

கடையில் வாங்கும் சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூப்பர் மார்க்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று தனியாக ஒரு தட்டு வந்துவிட்டது. சப்பாத்திக்கான மாவு கிலோ 200 ரூபாய்க்கு மேல், பிஸ்கட் தொண்டையில் நிற்கும். நமக்கு அது அவ்வளவாகத் தேவையும் இல்லை. கம்பு, சோளம், கேழ்வரகு, சாமை, வரகு எதிலும் இயற்கையாகக் குளூட்டன் கிடையாது. ஆபத்து அவற்றின் பெயரைச் சொல்லி விற்கும் பாக்கெட்டில். ராகி சேமியாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமையோ மைதாவோ இருக்கும். சிறுதானிய நூடுல்ஸும் அப்படித்தான். சத்துமாவில் கோதுமை இல்லாவிட்டால்தான் அதிசயம். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை. 'சம்பா' என்றதும் அரிசி என்று நினைத்து சம்பா ரவையை வாங்கிவிடாதீர்கள், அது கோதுமை. கேழ்வரகை வாங்கி அரைக்கக் கொடுத்தாலும் எந்த மெஷின் என்று நின்று பார்க்க வேண்டும். எங்கள் தெரு மில்லில் கோதுமைக்குத் தனி மெஷின் உண்டு, ஆனால் கூட்டம் சேர்ந்தால் எல்லாம் எதிலும் ஓடும். நான் வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.

மறுபடி உறையூர். குறை இல்லாமல் இல்லை. புதிதாக வந்த பையன் ஒரு நாள் இட்லி மேலேயே சாம்பாரை ஊற்றிவிட்டான். அண்ணன் இலையோடு எடுத்துப் போய்விட்டு வேறு இலை போட்டார், பையனைத் திட்டவும் செய்தார், எனக்குத்தான் சங்கடமாகப் போனது. சாயங்காலம் போகக் கூடாது. ரவா தோசையும் கோதுமை தோசையும் ஓடும் நேரம், சின்னக் கல்லையும் சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். "அஞ்சு மணிக்கு மேல வராதீங்க தம்பி, வந்தா காபியோட போயிடுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அந்தக் கல்லைச் சபீனா போட்டுத் தேய்த்த பிறகுதான் எனக்கு. அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

காலை நேரம் ஆறு முதல் பத்து வரை. ஞாயிறு லீவு. ஜிபே உண்டு.

வடை மட்டும் இன்னும் கைக்கு எட்டவில்லை. உளுந்துதானே, அதில் என்ன வந்தது என்று தோன்றும். பூரி பொரிக்கும் அதே எண்ணெய். காலையில் பூரிக்கு முன்னால் வடையைப் போட்டுவிடுங்கள் என்றேன். அண்ணன் எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்து எண்ணெய் கொஞ்சம் கிடக்கு தம்பி, பொய் சொல்லக் கூடாது" என்றார். ஆடி வெள்ளிக்குச் சட்டியைக் கழுவிப் புது எண்ணெய் வைப்பார்களாம். முதல் ஈடு எனக்கு என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வடை கேட்டிருக்கிறேன்.